இருபதிலிருந்து எண்பது வரை

"பையன் கையை எப்பத் துடைக்கிறான்னு கவனிச்சியா, டீச்சர்?"

ஓரின் ட்வெட் முதலில் கேட்டது இதைத்தான். ஜூன் மாதத்துப் புதன்கிழமை, பகல் ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். அமெரிக்கச் சிற்றூரான கார்னெட் ஃபால்ஸின் பேஸ்பால் மைதானத்தில், பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு நேர் பின்னால், ஒன்பதாம் வரிசையில், இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுமேட்டில் நின்று பந்தெறிந்துகொண்டிருந்தவன் எலிஹியோ லுகோ. டொமினிகன் நாட்டுக்காரன், இருபது வயது. அந்தக் கோடையில் ஊரே பேசிக்கொண்டிருந்த பிட்சர்.

"அடிக்கடி துடைக்கிறான். தொடையில," என்றாள் அணியின் ஆங்கில டீச்சர் நெரெய்தா.

"எப்பன்னு கேட்டேன்."

அவள் நடுமேட்டைப் பார்த்தாள்.

"வளைஞ்சு விழுற பந்துக்கு அப்புறம் மட்டும். நேர்ப் பந்துக்கு அப்புறம் கிடையாது. பதினாலு தடவை எண்ணிட்டேன். துடைக்கிற மாதிரி காட்டுறான். உண்மையில விரலைத் தட்டி எழுப்புறான்."

"வேர்வையா இருக்கும்."

"வேர்வைன்னா அஞ்சு விரலும்தானே வேர்க்கும்? இவன் கடைசி ரெண்டு விரலை மட்டும்ல தேய்க்கிறான்."

எலிஹியோ அடுத்த ஆட்டக்காரனை மூன்றே பந்தில் வெளியே அனுப்பினான். கூட்டம் கைதட்டியது. ஓரின் நோட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளியும் வைத்தார். அது பதினைந்தாவது புள்ளி.

"உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"பசங்க என்கிட்ட சொல்றதை நான் வெளியில சொல்லக் கூடாது, மிஸ்டர் ட்வெட். என் வேலை அப்படி."

"என்ன சொன்னான்னு கேட்கலை. சொன்னானான்னுதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஓரின் சிரித்தார். "நல்ல பதில். ஐம்பத்தஞ்சு போடலாம்."

அடுத்த இன்னிங்ஸ் முழுக்க அவர் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காபிக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு சொன்னார்: "எனக்கு வயசாகுது. கண்ணு முன்ன மாதிரி இல்லை."

"வெயில் வேற கண்ணுல அடிக்குது," என்றாள் அவள்.

ஒன்பதாம் வரிசைக்கு மேலே கூரை இருந்தது. வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்கு மேல் அன்றைக்கு இருவரும் எலிஹியோவைப் பற்றிப் பேசவில்லை. அவன் பதினோரு பேரை வெளியேற்றியிருந்தான்.

ஓரின் ட்வெட் முப்பத்து நான்கு வருடம் கிராமப்புறத் தபால்காரராக இருந்தவர். வலதுபக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டியில், சோளக்காடுகளுக்கு நடுவே, நானூற்றுச் சொச்சம் தபால் பெட்டிகளுக்குக் கடிதம் போட்டவர். ஓய்வு பெற்ற பின்னும் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நீட்டிப் பழகிய அவருடைய வலது கை இடது கையை விடக் கறுத்தே இருந்தது. தபால் பெட்டியை வைத்தே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும் என்பார். அனுப்பக் கடிதம் இருந்தால் நிமிர்த்திவைக்கும் கொடி நிமிராத பெட்டி, இரண்டு நாளாக எடுக்காத செய்தித்தாள், திடீரென்று ஒருவர் பெயரில் மட்டும் வரத் தொடங்கும் வக்கீல் கடிதம். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை, யாரைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. பார்ப்பதோடு சரி.

அதே கண்ணோடுதான் அவர் மைதானத்துக்கும் வந்தார். பெருநகரத்தில் இருக்கும் ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே, ஏணிப்படி போல, சின்ன ஊர்களில் சிற்றணிகள் உண்டு. கார்னெட் ஃபால்ஸ் ஹெரன்ஸ் அப்படிப்பட்ட ஏணியில் கீழிருந்து இரண்டாவது படி. பதினெட்டு, இருபது வயதில் பையன்கள் வந்து இறங்குவார்கள். நன்றாக ஆடினால் அடுத்த படிக்கு, அதாவது அடுத்த ஊருக்கு, போவார்கள். ஆடாவிட்டால் மானேஜர் அறைக்குக் கூப்பிடுவார். அன்று மாலையே கிளம்பிவிடுவார்கள். நூறு பேர் வந்தால் நாலைந்து பேர் உச்சியைத் தொடுவார்கள். அந்த நாலைந்து பேரையும் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மீதிப் பேரை ஞாபகம் வைத்திருந்தவர் ஓரின் மட்டும்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஒரு கடிதம் எழுதினார். தொடக்கத்தில் பதினோரு பேருக்குத் தட்டச்சு செய்து தபாலில் அனுப்பியது. பிறகு மின்னஞ்சலாகி நானூறு பேரிடம் போனது. யார் தேறுகிறான், யார் துவண்டுபோயிருக்கிறான், யார் ஆட்டம் முடிந்ததும் தனியாக உட்கார்கிறான். பெரிய அணியின் அலுவலகத்திலேயே இரண்டு மூன்று பேர் அதைப் படிக்கிறார்கள் என்று பேச்சு. ஜனவரியில் மட்டும் கடிதம் நீளமாக வரும். அந்த அமைப்பில் மேலே வரக்கூடிய முப்பது பையன்களின் பட்டியல் அது, ஒன்று முதல் முப்பது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவனுக்கும் மதிப்பெண்ணோடு.

மதிப்பெண்ணுக்கு, ஆட்டக்காரர்களை எடைபோடும் தொழிலில், ஒரு விசித்திரமான அளவுகோல் இருந்தது. இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். பூஜ்யமும் இல்லை, நூறும் இல்லை. ஐம்பது என்றால், ஏணியின் உச்சியான பெரிய லீகில் ஒருவன் நடுத்தரமாகத் தாக்குப்பிடிப்பான் என்று பொருள். எழுபதைப் பார்ப்பது அபூர்வம். ஓரினுக்கு இது மைதானத்தோடு நிற்கவில்லை. பாதிரியாரின் பிரசங்கத்துக்கு நாற்பது, அதற்குப் பிறகு தேவாலயத்தில் தரும் காபிக்கு அறுபது. மனைவி லொரீன் அடுப்பில் வைத்து எடுக்கும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் கலந்த பதார்த்தத்துக்கு ஐம்பத்தைந்து, மேலே போக வாய்ப்புண்டு.

"நாப்பது வருஷமா மேல போக வாய்ப்புண்டா?" என்று லொரீன் கேட்பாள். அதே தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பேஸ்பாலை அவள் மதித்ததே இல்லை. "தபால்காரரே, பேசாம என்னை அணியிலேர்ந்து விடுவிச்சிடுங்க. வேற ஊர்ல முயற்சி பண்றேன்."

அந்த ஊரில் கோடைதோறும் ஆட்டக்காரப் பையன்களை வீட்டில் தங்கவைப்பது வழக்கம். பல் டாக்டர் வீட்டில் இரண்டு பேர், பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா வீட்டில் மூன்று பேர் என்று இருப்பார்கள். ட்வெட் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன. லொரீனுக்கு ஆசைதான். ஓரின் ஒப்புக்கொள்ளவில்லை.

"என் மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு நான் எப்படி முப்பத்தஞ்சுன்னு எழுதுறது?"

"எழுதுங்களேன். அவனும் உங்களுக்கு ஒரு மார்க் போடட்டும்."

அவர் அசையவில்லை. மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த முப்பத்தொரு வருடத்தில் எந்த ஆட்டக்காரனோடும் அவர் கைகுலுக்கியதில்லை, கையெழுத்து கேட்டதில்லை, வாசலில் எதிர்ப்பட்டால் தொப்பியை லேசாகத் தொட்டுவிட்டு விலகிப்போவார். பழகினால் கண் கெட்டுப்போகும் என்பது அவருடைய விதி. ஆனால் அந்தப் பையன்கள் அணியை விட்டுப் போன பிறகும் அவர் விடாமல் பின்தொடர்ந்தார். துல்சாவில் டயர் விற்பவன், ஒமாஹாவில் தீயணைப்பு வண்டி ஓட்டுபவன், வெனிசுவேலாவில் பள்ளிக்கூடம் நடத்துபவன் என்று எல்லோரும் அவருடைய நோட்டுகளில் இருந்தார்கள். ஜனவரிப் பட்டியலில் அவர் முதலிடம் தந்த ஒருவன்கூடப் பெரிய லீகில் ஒரு பருவம் முழுக்க நின்றதில்லை. இதை வாசகர்களில் ஒருவர் கணக்கெடுத்து எழுதியிருந்தார். ஓரின் அந்தக் கடிதத்தை மடித்து நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அந்த வருடப் பட்டியலில் முதலிடம் எலிஹியோவுக்கு.

"முப்பத்தொரு வருஷம் வானிலை சொல்லி ஒரு மழைகூடப் பெய்யலை," என்பாள் லொரீன்.

நெரெய்தா அந்த வரிசைக்கு வந்தது வேலை நிமித்தம். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊருக்கு வெளியே இருந்த பன்றி இறைச்சி ஆலையில் வேலை பார்த்தார்கள். பள்ளியில் காலையெல்லாம் ஸ்பானிஷிலும் பிற்பகலெல்லாம் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டு மொழியிலும் குறைவாகப் பேசுவாள். ஹெரன்ஸ் அணி அவளைச் சேர்த்துக்கொண்டது, ஸ்பானிஷ் பேசும் பையன்களுக்குக் காலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கவும் மற்ற நேரத்தில் மொழிபெயர்க்கவும்.

மொழிபெயர்ப்பில் அவளுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். 'அவர் சொல்கிறார்' என்று தொடங்கக் கூடாது. பேசுகிறவன் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். முதல் வாரமே வானொலிக்காரர் ஒரு வெனிசுவேலா பையனிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்க, அவள் முகத்தில் சலனமில்லாமல், "எனக்குக் குளிர் ஒத்துக்கலை. ஆனா என் பொண்டாட்டி மாசமா இருக்கா, அதனால சந்தோஷமா இருக்கேன்," என்றாள். ஒன்பதாம் வரிசையில் காதில் வானொலி மாட்டியிருந்த ஓரின் விதைத்தோல் தொண்டையில் சிக்கி இருமினார். அன்று ஆட்டம் தொடங்கியதும் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, "வீட்டுல மாசமா இருக்கிறவங்க சௌக்கியமா, டீச்சர்?" என்று கேட்டார். நட்பு என்று சொல்வதானால் அதுதான் தொடக்கம்.

எலிஹியோ அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அந்தப் புதன்கிழமைக்கு ஐந்து நாள் முன்னால், காலை வகுப்பில். எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தவன் கையிலிருந்து பென்சில் நழுவி விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து சொன்னான். பையன்கள் டீச்சரை ஸ்பானிஷில் 'ப்ரோஃபே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கடைசி ரெண்டு விரல்ல உணர்ச்சியே இல்லை, ப்ரோஃபே. முழங்கையிலேர்ந்து மின்சாரம் மாதிரி இறங்குது."

"டிரெய்னர்கிட்ட போகலாம், வா. நான் கூட வர்றேன்."

"வேண்டாம். ரெண்டு வாரம் மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம். மேல் படிக்குப் போயிட்டேன்னா அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்க. இங்கயே கை கெட்டுப்போச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க. அனுப்பினவன் ஒருத்தன்கூடத் திரும்பி வந்ததில்லை."

"கெட்டுப்போனப்புறம் டாக்டர் என்ன செய்வார்?"

"ப்ரோஃபே, நீங்க என்கிட்ட இங்கிலீஷ்தான் சொல்லிக்கொடுக்கிறீங்க," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் டிரெய்னர் வழக்கம்போல உடம்பு எப்படி இருக்கிறது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்தார். நெரெய்தா எலிஹியோவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கத் தயாராக நின்றாள். அவளுக்கு வேலை வைக்காமல் அவனே ஆங்கிலத்தில் பதில் சொன்னான்: "என் கை நன்றாக இருக்கிறது."

அணி கொடுத்த பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்து வாக்கியம் அது. ஏப்ரலில் அவள்தான் பத்துத் தடவை திரும்பச் சொல்லவைத்துக் கற்றுக்கொடுத்திருந்தாள். டிரெய்னர் அவளைப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லாத்தான் சொல்லிக்கொடுக்கிறே," என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை அவள் சமையலறை மேஜையில் வைத்துப் படித்தாள். எலிஹியோவைப் பற்றி முழு ஒரு பத்தி இருந்தது. 'நேர்ப் பந்தின் வேகம் எழுபது. வளைபந்து அறுபது. இந்தப் படியில் இவன் கற்றுக்கொள்ள இனி ஒன்றுமில்லை. மேலே அனுப்பலாம்.' விரல்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினாள். இல்லை. அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதற்கு அப்பாடா என்று இருந்தது என்று யோசித்தாள். அந்தக் கடிதத்தில் அது இருந்திருந்தால் அவள் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இல்லாததால், அவர் பார்த்தது தப்பாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ள இடம் கிடைத்தது. பதினைந்து புள்ளிகளை அவள் கண்ணால் கண்டிருந்தாள், ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமையிலிருந்து ஒன்பது நாளில் எலிஹியோவை அடுத்த படிக்கு அனுப்பினார்கள். கடிதத்தால்தானா என்று யாருக்கும் தெரியாது. அவன் தங்கியிருந்த பல் டாக்டர் வீட்டு அம்மா அழுதாள். எலிஹியோ நெரெய்தாவைக் கட்டிப்பிடித்து, "பார்த்தீங்களா ப்ரோஃபே, ரெண்டு வாரம்தான்," என்று காதில் சொன்னான். வாகன நிறுத்தத்தின் மறு ஓரத்தில், கம்பிவேலிக்கு வெளியே ஓரின் நின்றுகொண்டிருந்தார். வண்டி கடக்கும்போது தொப்பியைத் தொட்டார். எலிஹியோ அவரைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தொப்பி போட்ட கிழவர்கள் அந்த ஊரில் எங்கேயும் உண்டு.

மேலே போய் மூன்றாவது ஆட்டத்தில் அது நடந்தது. ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். லொரீன் பின்வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, ஓரின் வானொலி கேட்டுக்கொண்டிருந்தாராம். நாலாவது இன்னிங்ஸில், லுகோ கையை உதறுகிறார், மறுபடி உதறுகிறார் என்று வர்ணனையாளர் சொன்னார். பிறகு, லுகோ முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்குகிறார் என்றார். லொரீன்தான் இதைப் பின்னாளில் நெரெய்தாவிடம் சொன்னாள்.

"வானொலியை அணைச்சார். அப்புறம் வந்து என்கூடப் பட்டாணி உரிச்சார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷன் பட்டாணி உரிச்சதே இல்லை. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஏதோ பெரிசா நடந்திருக்குன்னு."

அறுவை சிகிச்சை. முழங்கையில் தசைநார் மாற்றிவைத்தார்கள். ஒன்றரை வருடம் ஆகும் என்றார்கள்.

ஓரின் ஒன்பதாம் வரிசைக்கு வருவதை நிறுத்தவில்லை. நெரெய்தாவும் நிறுத்தவில்லை. இருவரும் வானிலை, சோளம், லொரீனின் முட்டிவலி எல்லாம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் சுருங்கின. மதிப்பெண்கள் காணாமல் போயின. அந்த ஜனவரியில் பட்டியல் வரவில்லை. உடம்புக்கு முடியலையா என்று நானூறு பேரில் பாதிப் பேர் விசாரித்து எழுதினார்கள். லொரீன் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லோருக்கும் ஒரே பதில் அனுப்பினாள்: 'தபால்காரருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மார்க் போடத்தான் பிடிக்கவில்லையாம். என் சமையலுக்கும் போடுவதில்லை.'

"நிம்மதியா இருக்கா?" என்று நெரெய்தா ஒருமுறை அவளிடம் கேட்டாள்.

"ஐம்பத்தஞ்சாவது கிடைச்சுக்கிட்டிருந்துச்சு," என்றாள் லொரீன்.

இரண்டு வருடம் கழித்து, மே மாதத்தில், எலிஹியோ மறுபடி கார்னெட் ஃபால்ஸுக்கே வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது. தாடி வைத்திருந்தான். ஆங்கிலம் இப்போது தானாகவே வந்தது. அவன் நெரெய்தாவோடு ஸ்பானிஷ் பேசியது ஆசைக்காகத்தான். கையில் வலி துளியும் இல்லை. ஆனால் தொண்ணூற்றேழு மைல் வேகத்தில் போன பந்து இப்போது தொண்ணூறைத் தாண்டவில்லை. அவனை விட இளைய பையன்கள் அதைச் சுலபமாக அடித்தார்கள். ஓரின் ஒவ்வொரு பந்தையும் பார்த்தார். நோட்டு மடியில் இருந்தது, திறக்கவில்லை.

"ரெண்டு விரலையும் தேய்க்கிறதில்லை," என்றார் ஒருநாள்.

"ஆமா," என்றாள் அவள். அந்த ஜூன் புதன்கிழமைக்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிய வார்த்தைகள் அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு காலை, பத்து மணிக்கு, மானேஜர் பிரெவிட் நெரெய்தாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த அறையில் அவள் பதினேழு பேருக்கு இதை மொழிபெயர்த்திருந்தாள். எலிஹியோ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட விஷயத்தை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும் என்பது அணியின் விதி.

"நாங்க உன்னை விடுவிக்கிறோம்," என்று பிரெவிட் சொன்னார்.

"நாங்க உன்னை விடுவிக்கிறோம்," என்றாள் அவள் ஸ்பானிஷில்.

எலிஹியோ இரண்டு தடவையும் தலையாட்டினான். பிறகு மானேஜரைப் பார்த்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, முதல் பக்கத்து வாக்கியத்தைச் சொன்னான்: "என் கை நன்றாக இருக்கிறது."

இந்தத் தடவை அது உண்மை. பிரெவிட் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான்.

நெரெய்தா வெளியே வந்தபோது, ஆட்டக்காரர்கள் வரும் பின்வாசலில் ஓரின் நின்றுகொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடமாக அவர் கால் வைக்காத இடம் அது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் சட்டை போட்டிருந்தார்.

"பல் டாக்டரம்மா லொரீனுக்குப் போன் பண்ணாங்க," என்றார். "காலையில கூப்பிட்டனுப்பினாங்களாமே."

"ஆமா."

"கிளம்பிட்டானா?"

"உள்ளதான் இருக்கான். பையைக் கட்டுறான். மதியம் விமானம்."

"நான் அவன்கிட்ட பேசணும்."

அவள் அவரைப் பார்த்தாள். "நீங்க ஆட்டக்காரங்க யார்கிட்டயும் பேசமாட்டீங்களே, ஓரின்."

"அந்த விதியால யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு?" சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நோட்டிலிருந்து கிழித்தது. ஓரத்தில் பென்சில் புள்ளிகள். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. "நான் பார்த்தேன். தெளிவா பார்த்தேன். ஞாயித்துக்கிழமை அதை எழுதவும் செஞ்சேன், அப்புறம் அழிச்சேன். முதல்ல வெச்சவன் ஒருத்தனாவது மேல போய் நிக்கட்டுமேன்னு இருந்துச்சு. என் பையன்கூடக் கிடையாது அவன். ஒரு கோப்பை காபி குடிச்சதில்லை அவன்கூட. இருந்தாலும் ஆசை வந்துச்சு. இதைத்தான் சொல்லப் போறேன்."

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது." அவர் தாளை நீவிவிட்டுக்கொண்டார். "ஊருக்குப் போய், 'நான்தான் மறைச்சேன், அதனாலதான் கை போச்சு'ன்னு காலம் பூரா தன்மேலயே போட்டுக்குவான். இருபது வயசுல எவனும் மறைக்கத்தான் செய்வான். தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டிருந்த பெரியவன் ஒருத்தன் இருந்தான்னு அவனுக்குத் தெரியணும். திட்டணும்னா திட்டிட்டுப் போகட்டும்."

"அவனுக்கு இப்ப நல்லாவே இங்கிலீஷ் வரும். நான் எதுக்கு?"

"அவங்க அம்மாகிட்ட பேசுற மொழியில அவன் கேட்கணும்."

அவள் வாசலைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே பெட்டியைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்டது. ஓரின் அவளைப் பார்க்கவில்லை. மைதானத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்பதாம் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போல. அன்றைக்கு வெயில் கண்ணில் அடிக்கிறது என்று அவள் சொன்னதற்கு அவர் ஒருநாளும் விளக்கம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. எலிஹியோ தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வெளியே வந்தான். தெரியாத கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நின்றான்.

ஓரின் அவள் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்: "ஒண்ணே ஒண்ணு, டீச்சர். அவர் சொல்றார், இவர் சொல்றார்னு ஆரம்பிக்காதே. நீ எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லிடு. நான் பார்த்தேன், நான் சொல்லலைன்னு."